பழைய சைக்கிள், புதுக் கடை: ஆப்பிரிக்க சைக்கிள்கள் பற்றிக் கேள்வி பதில்

கே: மேலைநாட்டில் வேண்டாமென்று ஒதுக்கிய சைக்கிள் ஆப்பிரிக்காவுக்கு எப்படிப் போகிறது சார்?

ப: கப்பலில். பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி நெருக்கி அடுக்கினால் 40 அடி கன்டெய்னரில் 400-க்கு மேல் அடங்கும். தொண்டு அமைப்புகள் திரட்டி அனுப்புகின்றன.

கே: வேலைவாய்ப்பு என்கிறார்களே, இதில் அது எங்கே வருகிறது?

ப: கன்டெய்னரில்தான்! ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டில் 2005-ல் தொடங்கிய பென் நமீபியா என்ற தொண்டு அமைப்பு அதைத் திருப்பி அனுப்பவில்லை. ஊரில் இறக்கி அதையே கடையாக்கியது. உள்ளே வந்த சைக்கிள்கள்தான் முதல் சரக்கு. உள்ளூர்க்காரர்களுக்குப் பஞ்சர் ஒட்ட, பெண்டு எடுக்க, கணக்கு எழுதப் பயிற்சி. விற்ற காசில் சம்பளம் போக மிச்சம் கடையை நடத்தும் ஊர் அமைப்புக்கு. ஹெச்.ஐ.வி நோயாளிகளை வீடு தேடிப் போய்க் கவனிக்கும் தொண்டர்களுக்கும் சைக்கிள் கிடைத்தது. சைக்கிளுக்குப் பின்னால் படுக்கையைக் கோத்து ஆம்புலன்ஸும் செய்தார்கள். என்னைக் கேட்டால், சைக்கிளைவிட அந்தக் கடைதான் பெரிய உதவி. பழுது பார்க்க ஆளில்லாத ஊரில் எந்த சைக்கிளும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் ஓடாது.

கே: ஏழைகளிடம் காசு வாங்கலாமா? இலவசமாகவே கொடுக்கக் கூடாதா?

ப: இலவசமாகக் கொட்டினால் அங்கே ஏற்கெனவே சைக்கிள் விற்றுப் பிழைப்பவர் என்ன ஆவார்? கானாவில் வில்லேஜ் பைசைக்கிள் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு ஒரு நாள் ரிப்பேர் வகுப்பு நடத்தி, முடித்தவர்களுக்குப் பாதி விலையில் சைக்கிள் கொடுத்தது. எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

கே: எந்த சைக்கிளானாலும் சரியா?

ப: இல்லவே இல்லை. 26 அங்குல மவுண்டன் பைக் நல்லது. மெல்லிய டயர் ரேஸ் சைக்கிள் மணல் பாதையில் திணறும். ஃபிரேம் துருப்பிடித்ததை அனுப்புவது குப்பையை அடுத்தவர் வாசலில் கொட்டுவதுதான்.

கே: புதுசே கொடுத்தால்?

ப: வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப் என்ற தொண்டு அமைப்பு அப்படித்தான் செய்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் தொடங்கி, பின்பு ஜாம்பியாவுக்குப் போனது. அவர்களுடைய வழக்கமான பஃபலோ சைக்கிளில் கேரியர் மட்டும் 100 கிலோ தாங்கும். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக். பெரும்பாலும் ஒரே மாடல் என்பதால் உதிரிபாகம் சுலபம். பழைய சைக்கிள் அப்படியா? ஆளுக்கொரு கியர், ஆளுக்கொரு அளவு. ஓடாததைப் பிரித்து ஓடுவதற்குப் போடுவார்கள்.

கே: எங்கள் அபார்ட்மென்ட்டில் நாலைந்து சும்மா கிடக்கிறது. அனுப்பலாமா அண்ணா?

ப: நாலைந்துக்குக் கப்பல் செலவு கட்டுபடியாகாது. தெருமுனை சைக்கிள் கடைக்காரரிடம் கொடுங்கள், ஓட வைத்துவிடுவார்.