நினைவெல்லாம் போன பிறகு ஒரு மனுசரிடம் மிச்சம் இருப்பது என்ன? மூளை அறிவியல் இதற்கு என்ன சொல்கிறது?

இந்தக் கேள்வியைச் சும்மா பொழுதுபோகாமல் யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் வீட்டிலும் யாருக்கோ மறதி நோய் தொடங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன். இல்லையென்றால் நல்லது.

நான் டாக்டர் இல்லை, ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன். அம்மாவுக்கு அல்சைமர் என்று சொன்ன பிறகு ராத்திரி தூக்கம் வராமல் படித்ததும், வீட்டில் கண்ணால் கண்டதும்தான் என் கையில் இருப்பது. 'நரம்பியல் தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை' என்று வரப்போகிறவர்கள், எந்த இடம் தப்பு என்று சொல்லிவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

எங்கள் ஊர் முக்கூடல், தாமிரபரணிக் கரை. அம்மா பதினாலு வயதில் பீடித் தட்டை மடியில் வாங்கினாள். ஐம்பது வருசம் இறக்கி வைக்கவில்லை. இலையை நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, அளவுக்கு வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, முனையை மடக்கி, நூல் கட்டுவது. டிவி பார்த்துக்கொண்டே, எங்களை ஏசிக்கொண்டே அத்தனையும் நடக்கும். கண் ஒரு தடவைகூடக் கீழே போகாது. (பீடிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்தத் தூள் அவள் நெஞ்சை என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் மூன்று பேர் பள்ளிக்கூடச் செலவும் அதில்தான் வந்தது.)

முதலில் போனது அன்றன்று நடந்தவை. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயும் முன்னே வாசலில் நின்று "எனக்கு யாரும் சோறு போடல" என்பாள். அதைக் கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு மதினி என் மனைவியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது தனிக் கதை. பிறகு பெயர்கள் போயின. போன வருசம் ஒரு நாள் என்னையே உற்றுப் பார்த்து, "எய்யா, நீ யாரு மவன்?" என்று கேட்டாள்.

அதே வாரம் என் மகள் விளையாட்டாகப் பழைய தட்டை எடுத்து அவள் மடியில் வைத்து, நாலு பூவரச இலையையும் போட்டாள். அம்மா ஒன்றுமே கேட்கவில்லை. இலையைக் கிழித்துச் சரிபார்த்து, தூளே இல்லாமல் சுற்றி, முனை மடக்கி, நூலுக்குக் கையை நீட்டினாள்.

அப்புறம்தான் அமெரிக்காவின் ஹென்றி மொலைசன் பற்றிப் படித்தேன். 1953-ல் வலிப்புக்காக அவர் மூளையின் இரண்டு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸ் என்ற, நினைவைப் பதியவைக்கும் பகுதியில் ஒரு பெரிய துண்டை எடுத்துவிட்டார்கள். அப்போது வயது 27. அதன்பிறகு 2008-ல் சாகும்வரை புதிதாக நடந்த எதுவும் அநேகமாக அவர் நினைவில் நிற்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தைக் கோடு இழுக்கச் சொன்னார். இதை முன்னே செய்ததாக மொலைசனுக்கு ஞாபகமே இல்லை. ஆனால் நாளுக்கு நாள் கோட்டில் பிசகு குறைந்துகொண்டே வந்தது. நடந்ததை நினைவில் வைக்க ஒரு வழி, கைப்பழக்கத்துக்கு வேறொரு வழி. பழக்கத்துக்கு மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்க்லியா என்ற பகுதி, சிறுமூளை எல்லாம் துணை. அல்சைமர் முதலில் அடிப்பது ஹிப்போகாம்பஸையும் அதை ஒட்டிய பகுதியையும். கையை எட்ட அதற்கு நாளாகும்.

இதுவரை எழுதியது எனக்குப் பெருமையான பகுதி. இனி எழுதப்போவதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஒரு சாயங்காலம் அவள் அரிசி டப்பாவில் தண்ணீரை ஊற்றி வைத்திருந்தாள். கடையில் அன்று வேறு தகராறு. நான் கத்தினேன். கெட்ட வார்த்தையும் வந்தது. எப்படியும் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவாள் என்ற தைரியம் எனக்குள் இருந்தது. அதை மறைத்துப் பிரயோசனம் இல்லை. அரை மணி கழித்துக் காப்பி கொண்டுபோனேன். தம்ளரைத் தள்ளிவிட்டாள். ஏம்மா என்றேன். "தெரியல. வேண்டாம், போ." நான் கத்தியது அவளுக்கு நிஜமாகவே நினைவில்லை. ஆனால் படுக்கும்வரை அந்த முகம் மாறவில்லை.

இதையும் ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்கள். கிளாப்பரேட் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் கைக்குள் குண்டூசியை மறைத்துக்கொண்டு, நினைவு நிற்காத ஒரு பெண்ணிடம் கை குலுக்கினார். 1911-ல் அதை எழுதியிருக்கிறார். குத்தியது அந்த அம்மாவுக்கு ஞாபகமில்லை, ஆனால் அடுத்த தடவை கையை இழுத்துக்கொண்டார். 2014-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்குச் சோகமான படக்காட்சிகளையும் சிரிப்புக் காட்சிகளையும் காட்டினார்கள். படத்தில் என்ன வந்தது என்பது சீக்கிரமே போய்விட்டது, வருத்தம் போகவில்லை. படத்தை எவ்வளவு குறைவாக நினைவு வைத்திருந்தார்களோ, வருத்தம் அவ்வளவு நீண்டதாம். ஏன் வருந்துகிறோம் என்று தெரிந்தால்தானே ஆறுதல் தேட முடியும்? இந்தக் கடைசி வரி என் ஊகம், ஆய்வின் மேல் ஏற்ற வேண்டாம்.

அப்படியானால் உள்ளே இருந்து இதையெல்லாம் அனுபவிக்கிற அந்த 'நான்' எது என்று கேட்பீர்கள். அதற்கு மூளை விஞ்ஞானிகளிடமே பதில் இல்லை. பிரக்ஞைக்கான, அதாவது உள்ளே இருந்து உணர்கிற அந்த உணர்வுக்கான, மூளை அடையாளத்தை 25 வருசத்தில் கண்டுபிடித்துவிடுவோம் என்று 1998-ல் கிறிஸ்டோஃப் காக் என்ற விஞ்ஞானி டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவவாதியிடம் பந்தயம் கட்டினார். 2023-ல் தோற்றதாக ஒப்புக்கொண்டு ஒயின் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் ஓர் அலுவலகத்துக்கு மட்டும் 'நான்' எது என்று நன்றாகவே தெரியும்: கைரேகை. பென்சனுக்காக, உயிரோடு இருப்பதற்குச் சான்று வாங்க அம்மாவை அழைத்துக்கொண்டு மூன்று தடவை போனோம். ஐம்பது வருசம் இலையிலும் நூலிலும் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? மிஷின் ஒவ்வொரு தடவையும் பொருந்தவில்லை என்றது. வேறு வழி இருக்கிறதா என்றால், பதில் சொல்லக்கூட ஆள் நிமிரவில்லை. மூன்றாவது தடவை அவர் "பேரைச் சொல்லும்மா" என்றார். அம்மா தன் அம்மா பேரைச் சொன்னாள். பிறகு கையில் இருந்த டோக்கன் சீட்டைச் சுற்றி, முனை மடக்கி, கவுண்டர் வழியாக அவரிடமே நீட்டினாள்.

வேறு டோக்கன் வாங்க நான் மறுபடி வரிசையில் போய் நின்றேன்.