கேள்வி – பதில்: கணித ஆசிரியர் ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி: எங்கள் பாடசாலைக்கு வருகிற கணித ஆசிரியர்கள் இடமாற்றம் கேட்டுப் போய்விடுகிறார்கள். இருக்கும்போதும் கொப்பி ஒழுங்காகத் திருத்துவதில்லை. பிள்ளைகளில் அக்கறை இல்லையா?
– ஒரு தாய், ஈச்சிலம்பற்று

பதில்: அக்கறை இருக்கட்டும், முதலில் நேரசூசியைப் பாருங்கள். நாளுக்கு 8 பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்றால் வாரத்துக்கு 40. ஒருவருக்கு 30 விழுந்தால் மிச்சம் 10, அதாவது 400 நிமிடம். 35 பிள்ளைகள் கொண்ட 5 வகுப்பில் 175 கொப்பி. ஒன்றுக்கு 2 நிமிடம் வைத்தாலும் 350 நிமிடம் போய்விடும். லீவில் நிற்பவரின் வகுப்பைப் பார்க்க 4 பாடவேளை பறிபோனால் கையில் இருப்பது 240 நிமிடம்தான். பிறகு என்ன, சரி அடையாளமும் கையெழுத்தும் மட்டும். அடைப்பை நீக்கும்போது மறைக் குறியைத் தவறவிடும் 8ஆம் தரப் பிள்ளை அதே பிழையோடு சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும்.

ஓய்வுப் பாடவேளையைச் சும்மா இருக்கிற நேரமாக நினைப்பதுதான் கோளாறு. ஆசிரியரின் வேலை நிலைமை நல்ல கற்றலுக்கு உதவுவதாக அமைய வேண்டும் என்று யுனெஸ்கோவும் சர்வதேச தொழில் அமைப்பும் 1966இலேயே பரிந்துரைத்துவிட்டன.

அடுத்தது தங்குமிடம். திருகோணமலை நகரிலிருந்து மூதூர் தாண்டி தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர் காலையிலேயே களைத்துவிடுவார். மாரி மழையில் இன்னும் மோசம். விடுதி இருந்தும் தண்ணீர், உள்தாழ்ப்பாள், பாவிக்கக்கூடிய மலசலகூடம் இல்லையென்றால் தனியாக வரும் ஆசிரியை தங்கமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், ‘ஏன் திருத்தவில்லை?’ என்று கேட்காதீர்கள். போன மாதம் லீவில் நின்றவர்களுக்குப் பதிலாக யார் யாருக்கு எத்தனை பாடவேளை கொடுக்கப்பட்டது என்று அதிபரிடம் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கத் தெரியாத இளம் ஆசிரியர்தான் அகப்படுவார். முதலில் மாற்றம் கேட்பவரும் அவரே. ஒருவருக்கு வாரத்தில் 2க்கு மேல் வேண்டாம், அதுவும் சுழற்சி முறையில் என்று முடிவெடுக்கலாம். விடுதித் தாழ்ப்பாளையும் குழாயையும் சிரமதானத்திலேயே சரிசெய்யலாம்.

கேள்வி: ஆசிரியர் மாறிப் போகும்போது படிப்பு தடைப்படாமல் என்ன செய்யலாம்?
– வாசகர், குச்சவெளி

பதில்: போகிறவரிடம் வகுப்புக்கு ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள்: முடித்த அலகு, பாதியில் நிற்கும் அலகு, பின்தங்கிய பிள்ளைகளின் பெயர், எதில் தடுமாறுகிறார்கள் என்பது. விடுவிப்புக் கடிதம் கொடுக்குமுன் வாங்கவேண்டும், பிறகு கிடைக்காது.