துவைக்கப்போவது யார்? பின்னல் கேள்வி பதில்

கையால் பின்னி வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் பரிசு கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில். ஊசிப் பின்னலும், கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவும் மட்டுமே எனக்குத் தெரியும். வயர் கூடை பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு: அக்கா, ஊசி பிடித்து ஒரு வாரம்தான் ஆகிறது. பொங்கலுக்குள் அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிவிடலாமா?

பதில்: வேண்டாம், மஃப்ளர் பின்னுங்கள். அப்பா மார்கழிப் பனியில் நடக்கப் போகிறவர் என்றால் தினமும் கழுத்தில் சுற்றிக்கொள்வார். எல்லா வரிசையும் நிட் (நூலைப் பின்பக்கம் வைத்துப் பின்னுவது) போட்டால் போதும், பர்ல் (நூலை முன்பக்கம் வைத்துப் பின்னுவது) இப்போதைக்கு வேண்டாம். அகலம் 20 செ.மீ., நீளம் 150 செ.மீ.; நடுத்தரத் தடிமனில் 200 கிராம் நூல் ஆகும். கறுப்பு, கருநீலம் வாங்காதீர்கள், கண்ணி (ஊசிமேல் நிற்கும் நூல் வளையம்) தெரியாமல் கண் வலிக்கும். வேண்டிய நூல்கண்டு முழுவதையும் ஒரே நாளில், ஒரே லாட் எண் (ஒன்றாகச் சாயம் போட்ட தொகுதியின் எண்) பார்த்து வாங்குங்கள். பிறகு போய் வாங்கும் கண்டு கடை வெளிச்சத்தில் அதே நிறமாகத்தான் தெரியும். வெயிலில் பார்த்தால் மஃப்ளர் நடுவே பட்டை விழுந்திருக்கும்.

சேலம்: 30 கண்ணியில் தொடங்கினேன். இப்போது எண்ணினால் 37 இருக்கிறது. நான் எங்கேயும் கூட்டவில்லை. நூலில் ஏதாவது கோளாறா?

பதில்: நூல் மேல் பழி போடாதீர்கள். வரிசை முடிந்து ஊசியைத் திருப்பியதும் நூல் எங்கே தொங்குகிறது என்று கவனியுங்கள். அதை ஊசிக்கு மேலாக இழுத்துப் பின்பக்கம் கொண்டுபோகிறீர்கள். அந்த இழுப்பில் ஓரத்துக் கண்ணி தலைகீழாகப் புரண்டு, அதன் இரண்டு கால்களும் ஊசிமேல் ஏறி, இரண்டு கண்ணிகள் அடுத்தடுத்து நிற்பதாகக் கண்ணை ஏமாற்றும். நீங்களும் இரண்டையும் பின்னிவிடுகிறீர்கள். திருப்பியதும் நூலைக் கீழே இழுங்கள். ஊசிக்கு அடியில் பின்பக்கம் விடுங்கள். ஓரத்தில் நிற்பது ஒரே கண்ணிதான் என்று உறுதி செய்துகொண்டு முதல் கண்ணியைப் பின்னுங்கள். அந்த 37-ஐ இனி ஓரத்தில் குறைத்து 30 ஆக்கலாமா என்று கேட்காதீர்கள். உருவிவிட்டு மறுபடி போடுங்கள். முதல் மஃப்ளரை உருவாமல் பின்னலைக் கற்றவர்கள் யாரும் இல்லை.

கோவை: நான் பின்னிய மஃப்ளர் இரண்டு பக்கமும் சுருண்டு குழாயாகிவிட்டது. இஸ்திரி போட்டால் சரியாகுமா?

பதில்: ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றி மாற்றிப் போட்டிருப்பீர்கள். அந்தப் பின்னலின் குணமே சுருள்வதுதான். பழைய பனியன் ஒன்றைக் கத்தரித்து ஓரத்தை இழுத்துவிட்டுப் பாருங்கள், இதேபோல் சுருளும். அடுத்த முறை இரண்டு ஓரத்திலும் ஐந்தைந்து கண்ணிகளை எல்லா வரிசையிலும் நிட்டாகவே போடுங்கள், பெரும்பாலும் அடங்கும். இஸ்திரிப் பெட்டியை மட்டும் எடுக்காதீர்கள். உல்லன் நூல் என்று நம் ஊர்க் கடையில் கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். சூடு பட்டால் துவண்டுவிடும், பிறகு நிமிராது.

பெங்களூரு: இணையத்தில் கிடைத்த அமெரிக்கச் செய்முறையில் 10-ஆம் எண் ஊசி என்று இருந்தது. அதே எண்ணைக் கேட்டு வாங்கிப் பின்னினேன். கணவருக்கென்று பின்னிய தொப்பி ஆறு வயது மகன் தலையில்கூட ஏறவில்லை.

பதில்: இதை ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், இனியும் எழுதுவேன். நம் கடைகளில் வழக்கமாக விற்கும் ஊசிகளில் பழைய பிரிட்டிஷ் எண் இருக்கும். அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க எண்ணில் ஏற ஏறத் தடிக்கும். பிரிட்டிஷ் 10 என்பது 3.25 மி.மீ.; அமெரிக்க 10 என்பது 6 மி.மீ. கிட்டத்தட்டப் பாதித் தடிமனில் பின்னியிருக்கிறீர்கள், தொப்பி எப்படி ஏறும்? எண்ணை மறந்துவிடுங்கள், மில்லிமீட்டரைக் கேளுங்கள்.

குரோஷாவிலும் இதே வம்பு உண்டு. அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்பதைத்தான் பிரிட்டிஷார் டபுள் குரோஷே என்கிறார்கள். செய்முறை எந்த நாட்டுடையது என்று பார்க்காமல் ஊசியைத் தொடாதீர்கள்.

ஊசி சரியாக இருந்தாலும், 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி விழுகிறது என்று எண்ண அளவுத் துண்டு ஒன்று பின்னிப் பாருங்கள். செய்முறை 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்கிறது, உங்கள் கை இறுக்கம், 22 விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கண்ணித் தொப்பி 50 செ.மீ. வர வேண்டியது, நாலரை செ.மீ. குறைந்து நிற்கும். இரண்டு கண்ணிதானே என்று விட்டவர்கள்தான் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

தஞ்சாவூர்: அக்டோபரில் மகளுக்குப் பிரசவம். பேரக் குழந்தைக்கு உல்லனில் குல்லா, ஸ்வெட்டர், காலுறை என்று ஒரு செட் பின்னலாம் என்றிருக்கிறேன். எத்தனை கண்டு வேண்டும்?

பதில்: அம்மா, தஞ்சாவூர் அக்டோபருக்கு அக்ரிலிக் செட் எதற்கு? அது வியர்வையை உறிஞ்சாது, குழந்தைக்கு வேர்க்குரு வரும். மெல்லிய பருத்தி நூலில் பின்னுங்கள். ரிப்பன், மணி, பொத்தான் வேண்டாம். காலுறையின் உள்பக்கம் நூல்முனை நீண்டிருந்தால் பிஞ்சு விரலில் சுற்றி இறுக்கிவிடும். முனைகளை ஒட்டச் செருகிவிட்டு, ஒவ்வொரு முறை போடும்போதும் திருப்பிப் பாருங்கள்.

தஞ்சாவூர், மீண்டும்: நாங்கள் நாலு பிள்ளைகளை உல்லன் குல்லா போட்டுத்தான் வளர்த்தோம். உச்சிக்குழியில் காற்று படக்கூடாது என்பது பெரியவர்கள் சொன்னது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சென்னை: இந்த அம்மாவுக்கு நல்லபடியாகச் சொல்லுங்கள் அக்கா. என் மாமியார் மே மாதத்தில் மின்விசிறியை அணைத்துவிட்டுக் குழந்தைக்குக் குல்லா மாட்டுகிறார். நான் கழற்றுகிறேன், அவர் மாட்டுகிறார். நாள் முழுக்க இதே வேலை.

கொடைக்கானல்: சமவெளிக்காரர்கள் குல்லாவே வேண்டாம் என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். இங்கே குழந்தையைக் குல்லா இல்லாமல் வெளியே கொண்டுபோனால் தெருவே திட்டும்.

பதில்: குல்லாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிறந்த குழந்தையின் உடலில் தலை பெரிய பங்கு, ஈரத்தோடு பிறக்கிறது, சூடு சட்டென்று இறங்கும். அதனால்தான் பிறந்ததும் துடைத்து, தாயின் மேல் தோலோடு தோலாகப் படுக்கவைத்து, தலைக்குக் குல்லா போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு அது இன்னும் அவசியம். முதல் சில மணி நேரம் தாண்டியபின் வீட்டுக்குள் தொப்பி வேண்டாம், சூடு கூடிவிடும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-இல் எழுதியிருக்கிறது. கொடைக்கானல் தெருவில் குல்லா நியாயம். சென்னையில் மே மாதம், மின்விசிறியும் இல்லாத அறையில் அக்ரிலிக் குல்லா அநியாயம். இதற்கு மேல் உங்கள் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள், நான் நூல்காரி.

திருநெல்வேலி: அப்படியானால் பின்னலே குளிர் நாட்டுச் சமாசாரம்தானே? நமக்கு எதற்கு?

பதில்: குல்லாச் சண்டையில் கடைசியில் இதையும் இழுத்துவிட்டீர்களா? இரண்டு ஊசிப் பின்னலில் இன்று கிடைத்திருக்கும் மிகப் பழைய துண்டுகள் எகிப்தில் கிடைத்தவை. அங்கே என்ன பனியா பெய்கிறது? அவற்றில் பல வெள்ளையும் அவுரி நீலமுமாகப் பருத்தி நூலில் பின்னியவை.

அது போகட்டும். நீங்கள் இப்போது போட்டிருக்கும் பனியனை வெளிச்சத்தில் இழுத்துப் பிடித்துப் பாருங்கள், பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. வெளிப்பக்கம் வரிசை வரிசையாக ஆங்கில ‘வி’ வடிவம், உள்பக்கம் சின்னச் சின்ன மேடு. நீங்கள் நிட் ஒரு வரிசை, பர்ல் ஒரு வரிசை போட்டால் வருவதும் அதேதான், ஊசி மட்டும் மிக மெல்லியது. திருப்பூரைப் பின்னலாடை நகரம் என்று சும்மா சொல்லவில்லை. 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ கண்டுபிடித்த காலுறைப் பின்னல் இயந்திரத்தின் வழியில் வந்தவைதான் அங்கே ஓடும் இயந்திரங்கள். வேட்டியும் புடவையும் நெசவு, பனியன் பின்னல். வெயிலில் நாம் முதலில் உடம்பில் மாட்டுவதே பின்னல்தான். நூலைத்தான் ஊருக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

மதுரை: தோழியின் புதுமனை புகுவிழாவுக்கு உல்லனில் வாசல் தோரணமும் அடுப்படிக்குக் கரித்துணியும் பின்னப்போகிறேன்.

பதில்: தோரணம் தாராளமாக, விளக்குச் சுடர் எட்டாத உயரத்தில். கரித்துணி அக்ரிலிக்கில் கூடவே கூடாது. சூடான பாத்திரத்தில் உருகிக் கையில் ஒட்டும். பருத்தியில் இரட்டை மடிப்பாகப் பின்னுங்கள்.

வேலூர்: குரோஷா பொம்மைக்குப் பிளாஸ்டிக் கண் வைக்கலாமா?

பதில்: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு என்றால் வைக்காதீர்கள். நூலால் கண் தைத்துவிடுங்கள்.

திருச்சி: டொராண்டோவில் இருக்கும் அக்காவுக்கு அசல் ஆட்டுக் கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்னி அனுப்பலாமா?

பதில்: துவைக்கப்போவது யார்? வேலைக்கு ஓடுகிற அக்கா அதை மற்றத் துணிகளோடு இயந்திரத்தில் போடுவார். வெந்நீரும் சுழற்சியும் சேர்ந்தால் அசல் கம்பளி இறுகிச் சுருங்கி, உங்கள் ஸ்வெட்டர் பொம்மைக்குத்தான் ஆகும். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று உறையில் போட்ட கம்பளி நூல் கிடைத்தால் அதை வாங்குங்கள், இல்லாவிட்டால் அக்ரிலிக். பரிசு பெட்டியில் போகும்போது துவைக்கும் முறையைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்.

ஓசூர்: அக்கா, பொங்கலுக்குள் தம்பிக்கு ஒரு ஸ்வெட்டர்...

பதில்: ஈரோட்டுக்கு எழுதியதைப் படியுங்கள்.

நெய்வேலி: அமெரிக்கச் செய்முறையில் 8-ஆம் எண் ஊசி...

பதில்: 5 மி.மீ. நம் கடை 8 என்பது 4 மி.மீ. பெங்களூருக்கு எழுதியதைப் படியுங்கள், தயவுசெய்து.

கடலூர்: குழந்தைக்கு உல்லன் குல்லா...

பதில்: மேலே ஒரு யுத்தமே நடந்திருக்கிறது அம்மா.

தஞ்சாவூர், மூன்றாம் முறை: சரி, பருத்தியிலேயே பின்னுகிறேன். ஊட்டிக்குப் போனால் மட்டும் உல்லன். எத்தனை கண்ணி போட என்றாவது சொல்வீர்களா?

பதில்: சொல்லாமல் இருப்பேனா? பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 35 செ.மீ. குல்லா 32 செ.மீ. இருந்தால் சரியாகப் பிடித்து நிற்கும். உங்கள் கைக்கு 10 செ.மீ.யில் 22 கண்ணி விழுந்தால் 70 போடுங்கள். முதல் 4 செ.மீ. ஒரே வரிசைக்குள் ஒரு கண்ணி நிட், ஒரு கண்ணி பர்ல் என்று மாற்றி மாற்றி. பருத்தியில் நெகிழ்வு குறைவு, அந்தப் பட்டைதான் இழுத்துக் கொடுக்கும். ஆனால் முதலில் அளவுத் துண்டு. உங்களுக்கு 22 விழாமல் 24 விழுந்தால் கண்ணிக் கணக்கு மாறும். துண்டைப் பின்னி எண்ணிக்கையை எழுதி அனுப்புங்கள், உச்சியில் குறைக்கும் வரிசைகளையும் சேர்த்து எழுதுகிறேன்.