இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு உடற்பயிற்சி: பழைய எண்களை ஒதுக்கிவைத்துத் தொடங்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 41. முன்பு வாரம் 4 நாள் 5 கிலோமீட்டர் ஓடுவேன். 2 நாள் ஜிம்மில் எடைப் பயிற்சியும் உண்டு. வேலை மாறியதில் எல்லாம் நின்றுபோய் இரண்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆரம்பிக்கிறேன், வியாழக்கிழமைக்குள் விட்டுவிடுகிறேன். முன்பு இருந்த ஆர்வத்தை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

பதில்: திங்களன்று உங்களால் தொடங்க முடிகிறது, வியாழனில்தான் நிற்கிறது. ஆகவே ஆர்வமே இல்லை என்று சொல்ல முடியாது. திங்களன்று செய்த பயிற்சியின் அளவுதான் வியாழனைக் கெடுக்கிறது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருபவர்களைத் தடுப்பது பெரும்பாலும் சோம்பல் அல்ல, பழைய எண்கள். 5 கிலோமீட்டர் என்பது மனதில் அப்படியே இருக்கிறது, உடல் அந்த இடத்தில் இல்லை. முதன்முறையாகத் தொடங்குபவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒரு கிலோமீட்டர் வேகமாக நடந்தாலே அவருக்குச் சந்தோஷம். உங்களுக்கோ அதே ஒரு கிலோமீட்டர் அவமானமாகத் தெரிகிறது. அதனால் முதல் நாளே 3 கிலோமீட்டர் ஓடிப் பார்க்கிறீர்கள்.

அப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் மீதான கோபம் பாதி குறையும். பயிற்சியை நிறுத்தினால் முதலில் குறைவது இரத்தத்தில் உள்ள பிளாஸ்மா, அதாவது திரவப் பகுதி. அது குறைந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தமும் குறையும், ஈடுகட்ட நாடித்துடிப்பு ஏறும். எட்வர்ட் கோய்ல் குழுவினர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், நன்கு பயிற்சி பெற்றவர்கள் 84 நாட்கள் பயிற்சியை நிறுத்தினார்கள். அவர்கள் உடல் எடுத்துக்கொள்ளக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் முதல் 3 வாரங்களில் 7 சதவீதமும், 8 வாரங்களில் 16 சதவீதமும் குறைந்தது. இரண்டு வருடத்தில் உங்களுக்கும் கணிசமாகக் குறைந்திருக்கும். எனவே பழைய வேகத்தில் ஓடும்போது மூச்சு முட்டுவது மன பலவீனம் அல்ல.

அடுத்தது தசைவலி. பழக்கமில்லாத பயிற்சிக்குப் பின் வரும் வலி உடனே தெரியாது. 12 முதல் 24 மணி நேரத்தில் ஆரம்பித்து, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். திங்கள் மாலை செய்ததன் விலையைப் புதன், வியாழனில்தான் கொடுக்கிறீர்கள். படியிறங்கும்போது தொடை கெஞ்சும். அந்த நிலையில் மனம் பின்வாங்குவது இயல்பான தற்காப்பு. தசை சுருங்கும்போது செய்யும் வேலையைவிட, நீண்டபடியே பாரத்தைத் தாங்கும் வேலைதான் இந்த வலியை அதிகம் உண்டாக்கும். ஸ்குவாட்டில் கீழே இறங்குவது, டம்பெல்லை மெதுவாக இறக்குவது, இறக்கமான பாதையில் ஓடுவது எல்லாம் இந்த வகை. இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. மிக லேசாக ஒரே ஒரு முறை செய்துவைத்தாலும், அதே பயிற்சியை அடுத்த முறை செய்யும்போது வலி வெகுவாகக் குறையும். அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நீடிக்கும். முதல் நாள் பயிற்சியின் வேலை இவ்வளவுதான்: அடுத்த பயிற்சிக்குத் தசையைத் தயார்செய்வது.

பலம் மட்டும் நீங்கள் நினைப்பதைவிட வேகமாகத் திரும்பும். 1991இல் வெளியான ஸ்டாரன் குழுவினரின் ஆய்வில், 20 வாரம் எடைப் பயிற்சி செய்த பெண்கள் 30 வாரங்களுக்கு மேல் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார்கள். வெறும் 6 வாரத்தில் இழந்ததில் பெரும்பகுதி மீண்டுவிட்டது. ஆனால் இந்த வேகமே ஓர் ஆபத்தும்கூட. மூச்சுத்திறன் சில வாரங்களில் தேறும், தசை அதைத் தொடர்ந்து வரும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் மட்டும் மாதக்கணக்கில் மெதுவாக உறுதிப்படும். மூன்றாவது வாரம் "நான் பழையபடி ஆகிவிட்டேன்" என்று தோன்றும்போதுதான் குதிகால் தசைநாணும் முழங்காலின் கீழ்ப்பகுதியும் மாட்டிக்கொள்கின்றன. திரும்பி வருபவர்களின் காயங்களில் பல முதல் வாரத்தில் வருவதில்லை. உற்சாகம் கூடிய மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் வருகின்றன.

இனி ஆர்வம். மனம் உண்டானால் மார்க்கம் உண்டு என்பார்கள். உடற்பயிற்சியில் பல சமயம் இது தலைகீழாக நடக்கிறது. மார்க்கத்தில் பத்து நிமிடம் நடந்த பிறகே மனம் வந்து சேர்கிறது. இதற்குக் காரணமும் தெரியும். பயிற்சி எவ்வளவு பிடிக்கும் என்று முன்கூட்டியே கேட்டால், மக்கள் குறைத்தே சொல்கிறார்கள், முடித்த பின் கூடுதலாகச் சொல்கிறார்கள். மேத்யூ ரூபி, எலிசபெத் டன் ஆகியோர் அடங்கிய குழு 2011இல் இதைப் பதிவுசெய்தது. முன்கூட்டி யோசிக்கும்போது நம் கண்ணில் படுவது, உடல் கனத்துக் கிடக்கும் அந்த ஆரம்ப நிமிடங்கள்தான். அதை வைத்தே முழுப் பயிற்சிக்கும் மதிப்பெண் போட்டுவிடுகிறோம். சோபாவில் உட்கார்ந்தபடி உங்கள் மனம் சொல்லும் கணிப்பை அதனால்தான் நம்ப வேண்டாம் என்கிறேன்.

இதைச் சரிசெய்ய ஒரு சின்ன நோட்டு போதும். கிளம்பும் முன் "இப்போது மனநிலை எவ்வளவு?" என்று 10க்கு ஒரு எண் எழுதுங்கள். முடித்து 10 நிமிடம் கழித்து இன்னொரு எண். ஆறேழு முறை எழுதிய பிறகு இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவது எண்தான் பெரிதாக இருக்கும். பிறர் சொல்லும் அறிவுரையைவிட உங்கள் கையெழுத்தில் உள்ள இந்தச் சான்று மனதை அசைக்கும். இரண்டாவது எண் தொடர்ந்து குறைகிறது என்றால், நீங்கள் செய்யும் தீவிரம் அதிகம். பேசத் திணறும் அளவுக்கு மேல் போனால், பயிற்சியின்போது இனிமை குறைந்து எரிச்சல் கூடும் என்பதைப் பான்டெலெய்மோன் எக்கெக்காகிஸ் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். ஆரம்ப வாரங்களில் மெதுவாகச் செய்யச் சொல்வது காயத்துக்குப் பயந்து மட்டுமல்ல. நாளைக்கும் வரத் தோன்ற வேண்டும் என்பதற்காகவும்தான்.

எடை பார்க்கும் இயந்திரத்தை முதல் 6 வாரம் தொட வேண்டாம். புதிதாக உழைக்கும் தசை கிளைகோஜனையும் (தசை சேமித்துவைக்கும் சர்க்கரை) அதோடு நீரையும் சேர்த்துவைக்கும். வலியோடு வரும் லேசான வீக்கமும் நீரைப் பிடித்துவைக்கும். நன்றாகச் செய்த இரண்டாவது வாரத்தில் எடை கொஞ்சம் ஏறிக்கூடக் காட்டலாம், அதைப் பார்த்து மனம் உடைந்து நிறுத்துபவர்கள் உண்டு. ஓட்டச் செயலியில் உள்ள பழைய சாதனைகளுக்கும் இதே விதிதான். கண்ணில் படாதபடி மறைத்துவிடுங்கள், அல்லது புதிய கணக்கு தொடங்குங்கள்.

இப்போது அளவுகள். கல்லூரி விளையாட்டு வீரர்களே பயிற்சி இல்லாத இடைவெளிக்குப் பின் முதல் வாரம் பயிற்சி அளவில் 50 சதவீதமும், அடுத்தடுத்த வாரங்களில் 30, 20, 10 சதவீதமும் குறைத்துச் செய்ய வேண்டும் என்று அமெரிக்கப் பயிற்சியாளர் அமைப்புகள் 2019இல் வழிகாட்டுதல் வெளியிட்டன. உங்கள் இடைவெளி இரண்டு வருடம். ஆகவே பாதியிலிருந்துகூட வேண்டாம்.

முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், மொத்தம் 3 நாட்கள், 10 நிமிட நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகம். அந்த 3 நாட்களில் 2 நாள், நடை முடிந்ததும் ஒரே ஒரு செட்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 8 முறை, சுவரில் கை ஊன்றிப் புஷ்-அப் 8 முறை, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது 8 முறை. "இன்னும் செய்யலாமே" என்று தோன்றும்போது நிறுத்துங்கள். இந்த இடத்தில்தான் நீங்கள் தடுமாறுவீர்கள். இது பயிற்சியே இல்லை என்று மனம் சொல்லும், 30 நிமிடம் போகச் சொல்லும். போகாதீர்கள்.

இரண்டாவது வாரம் 15 நிமிடம், மூன்றாவது 20, நான்காவது 30. மூன்றாவது வாரத்திலிருந்து செட் இரண்டாகலாம். 30 நிமிட வேக நடைக்கு மறுநாள் காலை எந்த மூட்டிலும் வலி இல்லையென்றால், ஐந்தாவது வாரம் ஓட்டம் சேர்க்கலாம்: 5 நிமிடம் நடை, பிறகு 1 நிமிடம் மெது ஓட்டம், 2 நிமிடம் நடை என 6 சுற்று, கடைசியில் 5 நிமிடம் நடை. ஓடும் நாளுக்கு மறுநாள் ஓட வேண்டாம். ஒரு வாரம் சிரமமின்றிப் போனால் அடுத்த வாரம் ஓட்டத்தை அரை நிமிடம் கூட்டுங்கள். 8ஆம் வாரத்துக்குப் பிறகு நடையையும் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓட மூன்று நான்கு மாதங்கள் ஆகும் என்று வைத்துக்கொள்வது நேர்மையான கணக்கு. ஜிம்முக்குப் போவதாக இருந்தால், பழைய எடையில் பாதிக்கும் கீழே எடுத்து, 10 முறை செய்த பிறகும் இன்னும் 4 முறை செய்யத் தெம்பு மீதமிருக்கும்படி ஒரு செட்டோடு விடுங்கள்.

எதை வைத்துக் கூட்டுவது, குறைப்பது? இரு தொடையிலும் சமமாகப் பரவிய மந்தமான வலி தசைவலி. நடந்தால் தளரும், சில நாளில் போய்விடும். விரலை வைத்துச் சுட்டிக்காட்டக்கூடிய ஓரிட வலி, காலையில் முதல் அடி வைக்கும்போது குத்தும் வலி, ஒரு பக்கத்தில் மட்டும் வரும் வலி ஆகியவை வேறு ரகம். அவை மறுநாள் காலை முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் முந்தைய வாரத்தின் அளவுக்கு இறங்குங்கள். இரண்டு வாரத்தில் தணியாவிட்டால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

இதய நோய், சர்க்கரை நோய், சிறுநீரக நோய் இருந்தால், அல்லது நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்திருந்தால், தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்டாக வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்குப் பயிற்சியால் சர்க்கரை திடீரெனக் குறையலாம். இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரும் பீட்டா பிளாக்கர் மருந்து நாடித்துடிப்பைக் கட்டுப்படுத்துவதால், துடிப்பை எண்ணித் தீவிரத்தை அளக்க முடியாது, பேச முடிகிறதா என்று பார்க்கும் பேச்சுச் சோதனையே சரி. கடுமையான பயிற்சிக்குப் பின் தாங்க முடியாத தசைவலியோடு சிறுநீர் கரும்பழுப்பாகப் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. இன்னொன்று: பயிற்சியில் மட்டுமல்லாமல், முன்பு பிடித்த எதிலுமே இரண்டு வாரத்துக்கு மேல் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் அது ஆர்வக் குறைவு அல்ல. மனச்சோர்வு நோய், தைராய்டு குறைபாடு, இரத்தசோகை எதுவாகவும் இருக்கலாம், பரிசோதித்துவிடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை காலையா மாலையா என்ற விவாதத்தில் இறங்க வேண்டாம். மற்றவர்களால் பறிபோக வாய்ப்பு குறைந்த நேரமே நல்ல நேரம். ஆனால் "தினமும் நடப்பேன்" என்ற தீர்மானம் போதாது. எப்போது, எங்கே, எதற்கு அடுத்து என்று எழுதுங்கள்: "மாலை 6.30க்கு மடிக்கணினியை மூடியதும், ஷூவை மாட்டிக்கொண்டு வெளியே இறங்குவேன்." 2002இல் மில்ன் குழுவினர் நடத்திய பரிசோதனையில், இப்படி நாள், நேரம், இடம் எழுதியவர்களில் 91 சதவீதம் பேர் அந்த வாரம் பயிற்சி செய்தார்கள். பயிற்சியின் நன்மைகளை மட்டும் படித்தவர்களில் 35 சதவீதம் பேர்தான். மழைக்கும் ஒரு வரி இருக்கட்டும்: "மழை பெய்தால் வீட்டுக்குள் 10 நிமிடம், நாற்காலிப் பயிற்சியும் சுவர் புஷ்-அப்பும்." முடிவை அந்த நேரத்தில் எடுக்க வேண்டியிருந்தால் மனம் பேரம் பேசும்.

நாள் தவறும், நிச்சயம் தவறும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் பழக்கமாக மாற இடைநிலையாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. கெடுப்பது விட்டுப்போன நாள் அல்ல, "போச்சு, இந்த வாரமே போச்சு, அடுத்த திங்கள் பார்க்கலாம்" என்ற தீர்ப்பு. செவ்வாய் தவறினால் புதன்கிழமையே 10 நிமிடம் நடந்துவிடுங்கள். ஈடுகட்ட இருமடங்கு செய்ய வேண்டாம்.

பெரிய இடைவெளிகள்தான் உண்மையான சோதனை: பயணம், காய்ச்சல், அலுவலக நெருக்கடி. நன்றாகப் போய்க்கொண்டிருந்த பழக்கம் ஒரு நீண்ட விடுமுறையோடு சரிந்துவிடும். ஆகவே கிளம்பும் முன்பே திரும்பி வந்து பயிற்சி தொடங்கும் நாளையும் நேரத்தையும் நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். அன்றைக்கு விட்ட இடத்திலிருந்து ஒரு படி கீழே தொடங்குங்கள். காய்ச்சல் என்றால் அது முழுதும் நின்று, சாதாரண வேலைகளைக் களைப்பின்றிச் செய்ய முடிந்த பிறகே. நெருக்கடி வாரங்களில் முழுதாக நிறுத்துவதைவிடச் சுருக்குவது எவ்வளவோ மேல். பெற்ற பலத்தைக் காப்பாற்றப் புதிதாகப் பெறுவதற்கான உழைப்பில் ஒரு பகுதியே போதும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், 20 முதல் 35 வயதுள்ளவர்கள் பயிற்சி அளவை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்த பிறகும் 32 வாரங்கள் தசையையும் பலத்தையும் தக்கவைத்துக்கொண்டார்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் தசை அளவுக்கு அது போதவில்லை. உங்கள் வயதுக்கு வாரம் 2 நாள், ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு செட் என்று வைத்துக்கொண்டால் அந்த வாரங்களைக் கடந்துவிடலாம்.