மண்வெட்டி எடுக்கும் முன் மழையைப் பாருங்கள்: மலையக வீட்டுத்தோட்டக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் புதிதாக வீடும் காணியும் கிடைத்தவர்களுடையவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

ஏழு பேர்ச்சஸ் காணியில் புது வீடு கிடைத்திருக்கிறது. பின்பக்கம் முழுக்கச் சரிவு. கரட், கோவா, ரோசா என்று கடதாசியில் படம் வரைந்து வைத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது? – வாசகி, கொட்டகலை

படத்தை இப்போதைக்கு மடித்து வையுங்கள், தங்கச்சி. ஏழு பேர்ச்சஸ் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு, வாசல், தண்ணீர்த் தாங்கி, மலசலகூடக் குழி, நடைவழி எல்லாம் போக மிஞ்சுவது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு, அதிலும் பாதி சரிவு. நல்ல மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய் நில்லுங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, மேல் வீட்டுக் கானிலிருந்து (வடிகாலிலிருந்து) எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். தண்ணீர் எந்த இடத்தில் செம்மண் நிறமாக ஓடுகிறதோ, அந்த வழியாகத்தான் உங்கள் மேல்மண் போய்க்கொண்டிருக்கிறது. முதல் கான் அதற்கு மேல்பக்கம்.

கண்ணளவில் கான் வெட்டாதீர்கள், மலையில் கண் ஏமாற்றும். ஆறடிக் கம்பு இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி, நடுவில் குறுக்குக் கம்பு ஒன்று கட்டுங்கள். உச்சியிலிருந்து நூலில் ஒரு கல் தொங்கட்டும். கால்களை நிலத்தில் ஊன்றி, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கரியால் கோடு போடுங்கள். பிறகு இரண்டு கால்களையும் இடம் மாற்றி அதே குழிகளில் வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். நூல் அந்தப் புள்ளியில் நிற்கும்படி காலை எட்டி வைத்து, ஒவ்வொரு இடத்திலும் முளை அடித்துக்கொண்டே போனால், மேட்டை ஒட்டி வளைந்து போகும் ஒரு கோடு கிடைக்கும். பாத்திகள் அந்தக் கோட்டோடு போக வேண்டும். மேலிருந்து கீழாகப் போட்டால் முதல் பெருமழையிலேயே ஒவ்வொரு சாலும் ஓடையாகிவிடும். கானுக்கு மட்டும் தண்ணீர் வெளியேறும் பக்கம் சின்னச் சாய்வு கொடுங்கள். அந்தத் தண்ணீர் கீழ் வீட்டு வாசலில் போய் இறங்காதபடி பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

பாத்தியின் கீழ் ஓரத்துக்குக் கல் அடுக்கலாம், வெட்டிவேர் நடலாம். அகலம் மூன்றடி, மிஞ்சினால் நாலடி. முதல் போகத்துக்கு ஒரே ஒரு பாத்தி போதும்: போஞ்சி, வெங்காயத்தாள், கொஞ்சம் கீரை. கரட்டுக்குக் கல்லில்லாமல் ஆழமாக இளகிய மண் வேண்டும். புதுக் காணியில் அவசரப்பட்டுப் போட்டால் கவட்டுக் கரட்தான் தோண்டுவீர்கள். ரோசா வாசல் பக்கம் இருக்கட்டும், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பு. இடம் பெருக்குகிறேன் என்று வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டின் அடியை வெட்டாதீர்கள்.

தேயிலை பிடுங்கிய இடத்தில் மரக்கறி போட்டேன். பீட்ரூட் இலை சிவந்து சுருங்கிவிட்டது, கிழங்கே விழவில்லை. உரத்தைக் கூட்டலாமா? – வாசகர், பண்டாரவளை

வேண்டாம், காசுதான் வீண். தேயிலை விரும்புவது புளித்த மண். மண்ணின் புளிப்பைக் காட்டும் பீ.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை அதற்குச் சுகம், பீட்ரூட்டுக்கோ 6க்கு மேல் வேண்டும். பல வருடம் உரம் விழுந்த தேயிலை மண் இன்னும் புளித்திருக்கும். அவ்வளவு புளிப்பில் மண்ணிலுள்ள பொசுபரசு செடிக்குக் கிடைக்காமல் கட்டுண்டு போகும். நீங்கள் கண்ட சிவப்புக்கு அது காரணமாக இருக்கலாம்.

கமநல சேவை நிலையத்தில் உள்ள விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு மண்ணைப் பரிசோதியுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம். சோதனை இல்லாமல் போடுவதானால் ஒரு சதுர மீற்றருக்கு 200 கிராமுக்கு மேல் டொலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) போட வேண்டாம். கொத்திக் கலந்து மூன்று, நாலு கிழமை விடுங்கள். அதோடு சேர்த்து யூரியாவோ மாட்டெருவோ போட்டால் தழைச்சத்து ஆவியாகப் பறந்துவிடும். பழைய தேயிலைத் தூர்களை வேரோடு கிளப்புவதும் முக்கியம், மிஞ்சிய வேரில் வேரழுகல் பூஞ்சணம் தங்கும். தோட்டங்களிலேயே மறுபடி தேயிலை நடும் முன் மானாப்புல்லோ குவாதமாலாப் புல்லோ நட்டு ஒன்றரை, இரண்டு வருடம் மண்ணைத் தேற்றுவார்கள். அவ்வளவு காலம் சும்மா விட முடியாதென்றால், டொலமைட் வேலை செய்யும்வரை வற்றாளை போடுங்கள், அது புளிப்பைப் பொறுக்கும்.

ஹட்டனில் இருக்கும் அண்ணன் "மே மழைக்கு நடு" என்றார். நட்டதெல்லாம் ஓகஸ்டில் காய்ந்துவிட்டது. – வாசகர், பசறை

அண்ணன் சொன்னது ஹட்டனுக்கே அரைவாசிதான் சரி. தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை வட்டவளை, கினிகத்தேனை, மஸ்கெலியா என்று மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி உங்கள் பக்கம் இறங்கும்போது வெறும் வரட்டுக் காற்றாக வருகிறது. ஊவாத் தேயிலைக்கு வாசம் கொடுப்பது அந்தக் காற்றுதான், போஞ்சியை வாட்டுவதும் அதுதான். உங்களுக்கு ஒக்டோபரில் பிடிக்கும் மழையும் அதன்பின் வரும் வடகீழ்ப் பருவமழையும்தான் கணக்கு. செப்டெம்பர் முடிவதற்குள் பாத்தி தயாராகட்டும். அண்ணனிடம் மார்ச் கடைசியில் நடச் சொல்லுங்கள், ஜூன் அடைமழைக்கு முன் செடி வேர் பிடித்துவிடும்.

அப்பாயி வைத்த தோட்டம் பலா, பட்டர் புரூட், கோப்பி, மிளகு என்று காடாக மண்டிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் வெட்டிவிட்டுப் புதிதாக அமைக்கலாமா? – வாசகி, கம்பளை

அப்பாயி அதைக் காடாக வைக்கவில்லை, அடுக்கடுக்காக வைத்திருக்கிறார். உயரத்தில் பலாவும் பட்டர் புரூட்டும், மரத்தைப் பிடித்து மிளகு, நடுவில் கோப்பி, நிழலில் இஞ்சியும் மஞ்சளும். கண்டிப் பக்கத்து வீட்டுத்தோட்டங்களின் வழக்கமே இதுதான். நினைத்தவுடன் பலாவை வெட்டவும் முடியாது. 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு அனுமதி வேண்டும், பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

ஒரு வெயில் நாளில் காலை ஒன்பது மணி, நண்பகல், பின்னேரம் மூன்று மணி என்று மூன்று தடவை, நிழல் முடியும் ஓரத்தில் குச்சி நட்டுப் பாருங்கள். மூன்று நேரமும் வெயில் படும் இடம் மரக்கறிக்கு. அப்படி ஒரு இடமும் இல்லையென்றால் மரத்தை விட்டுவிட்டுக் கீழ்க் கொப்புகளை மட்டும் கழியுங்கள். முற்றிப்போன கோப்பியைத் தரையிலிருந்து ஓரடி விட்டுச் சாய்வாக வெட்டினால் புதுத் துளிர் வரும், அதில் திடமான இரண்டு மூன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். எல்லாக் கோப்பியையும் ஒரே வருடத்தில் வெட்டினால் குடிக்கக் கோப்பி இருக்காது.

வீட்டுக்குப் பின்னால் மேட்டில் விரல் அகலத்துக்கு வெடிப்பு. வாழை நட்டால் மண் பிடிக்குமா? – வாசகர், ஹல்துமுல்லை

இது தோட்டக் கேள்வி இல்லை, ஐயா. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண்சரிவு நடந்தது உங்கள் பிரதேசத்தில்தான். வாழையின் வேர் மேலோடு போவது, நகரும் மலையை அது பிடிக்காது. குழி தோண்டினால் தண்ணீர் உள்ளே இறங்கி நிலைமை மோசமாகும். இன்றைக்கே கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பு அகலமானால், மரங்கள் சாய்ந்தால், புதிதாக ஊற்று கிளம்பினால், இருந்த ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினால் யாருக்கும் காத்திருக்காமல் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

காட்டுப் பன்றி ஒரே இரவில் கிழங்கை எல்லாம் கிளறிவிட்டது. சுருக்குக் கம்பி வைக்கச் சொல்கிறார்கள். – வாசகர், மஸ்கெலியா

வைக்காதீர்கள், தம்பி. பன்றிக்கு வைக்கும் கம்பியில் சிறுத்தைதான் மாட்டுகிறது. 2020 மே மாதம் உங்களுக்குப் பக்கத்து நல்லதண்ணியில் மாட்டிய கருஞ்சிறுத்தை சில நாளிலேயே செத்துப்போனது. சட்டப்படியும் குற்றம். மின்சாரக் கம்பி இழுப்பது அதைவிடக் கேடு, முதலில் போவது வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். பன்றி மூக்கால் நெம்பித்தான் உள்ளே வரும். பழைய கூரைத் தகரத்தை முக்கால் அடி மண்ணுக்குள் இறக்கி, இரண்டரை அடி வெளியே நிற்கும்படி நெருக்கமாகக் கம்பு நட்டுக் கட்டுங்கள். கிழங்குப் பாத்தியை வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கொண்டுவருவது இன்னும் நல்லது.

கறிவேப்பிலை மூன்று முறை வைத்தும் பட்டுப்போனது. – வாசகி, நுவரெலியா

1,868 மீற்றர் உயரத்துக் குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளாது. சாடியில் நட்டு, வெயில் படும் குசினிச் சுவரோரம் வைத்து, ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி கொட்டும் இரவுகளில் உள்ளே எடுத்தால் தாளிக்கிற அளவுக்கு இலை கிடைக்கும். முருங்கையை மறந்துவிடுங்கள். அந்த இடத்தில் மரத்தக்காளி ஒன்று நடுங்கள், சவ்சவ்வைப் பந்தலில் ஏற்றுங்கள். இரண்டும் அங்கே கேட்காமலே காய்க்கும்.

லயத்தில் இருக்கிறோம். வாசலில் பத்தடிதான் இடம். – வாசகி, தலவாக்கலை

உரப்பை போதும், அக்கா. கழுவி, அடியில் நாலு ஓட்டை போட்டு, பாதி மண், பாதி கூட்டெரு. வெங்காயத்தாள், பச்சைமிளகாய், மல்லித்தழை, மின்ச்சி எல்லாம் வரும். பையை நேராகத் தரையில் வைக்காமல் இரண்டு கல்லின் மேல் வையுங்கள், தண்ணீர் தேங்காது. மருந்து அடித்த கலனை மட்டும் எவ்வளவு கழுவினாலும் எடுக்க வேண்டாம், அதில் முளைப்பதைப் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள்.