ஓய்வூதியமா, படிப்பா: டெலிவரி ஊழியர் எதை முதலில் காப்பது?

கேள்வி: பார்சல் விநியோக நிறுவனம் ஒன்றில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன், வயது 29. கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை நிறுவனம் தருகிறது. மூன்று ஆண்டுப் படிப்பில் சேர்ந்தால் வேலை நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். மீதிக் கட்டணத்துக்காக, ஓய்வுக்கால நிதிக்கு மாதந்தோறும் கட்டும் தொகையையும் நிறுத்த வேண்டியிருக்கும். அப்படிச் செய்யலாமா?

பதில்: படிக்கலாம். ஆனால், நேரத்தைக் குறைப்பதையும் தொகையை நிறுத்துவதையும் ஒரே முடிவாகப் பார்க்காதீர்கள். இரண்டின் இழப்பும் வெவ்வேறு.

நேரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் பலர் கவனிக்காமல் ஏமாறுவது இங்கேதான். நிறுவனம் உங்கள் பெயரில் செலுத்தும் பங்கு முதல் நாளிலிருந்தே உங்களுடையதாகிவிடுவதில்லை. குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்றிய பிறகே அதன்மீது உரிமை உறுதிப்படும். அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் இப்போதுள்ள வடிவத்தில், முழு உரிமையும் ஒரே நாளில் கிடைக்கும் வகைத் திட்டங்களில் இந்தக் காலம், உங்கள் பெயரில் தனிக் கணக்கில் பணம் சேரும் திட்டமென்றால் 3 ஆண்டுகளையும், ஓய்வூதியத் தொகையைச் சூத்திரப்படி நிர்ணயிக்கும் திட்டமென்றால் 5 ஆண்டுகளையும் தாண்டக் கூடாது என்கிறது. அங்கே பொதுவாக ஓர் ஆண்டில் 1,000 மணி நேரம் வேலை செய்தால் அது ஒரு பணி ஆண்டாகக் கணக்கில் சேரும். வாரத்துக்கு 20 மணி நேரம் வீதம் 52 வாரமும் உழைப்பவருக்கு 1,040 மணி நேரம் கிடைக்கும். அவரே தேர்வுக்காக மூன்று வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் 980 ஆகிவிடும், அந்த ஆண்டும் கைநழுவும். உங்கள் திட்டத்தின் எண்கள் வேறாக இருக்கலாம். ஆகவே, உரிமை உறுதிப்படும் தேதி எது, ஓர் ஆண்டுக்குக் குறைந்தபட்சம் எத்தனை மணி நேரம் வேண்டும் என்ற இரண்டையும் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அந்தத் தேதிக்குச் சில மாதங்களே மீதமிருந்தால், சேர்க்கையை ஒரு பருவம் தள்ளிப்போடுவதே லாபம்.

அடுத்து மாதத் தொகை. மாதம் 100 வீதம் மூன்று ஆண்டுகளில் நீங்கள் கட்டாமல் விடுவது 3,600தான். ஆனால், ஆண்டுக்கு 5 சதவீத வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், அதே பணம் 60 வயதில் ஏறக்குறைய 15,000 ஆகியிருக்கும். நீங்கள் கட்டினால்தான் நிறுவனமும் சமமாகக் கட்டும் என்ற ஏற்பாடு இருந்தால் இழப்பு 30,000. ஆகவே, தொகையை அடியோடு நிறுத்தாமல், நிறுவனத்தின் பங்கு முழுமையாகக் கிடைப்பதற்குத் தேவையான அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சம்பளத்தையும் பணி ஆண்டுகளையும் வைத்து ஓய்வூதியம் நிர்ணயிக்கும் பழைய வகைத் திட்டமாக இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் சம்பளத்தில் 1.5 சதவீதம் ஓய்வூதியமாகச் சேரும் என்றால், மூன்று ஆண்டுகள் முழுவதுமாக விட்டுப்போனாலும் குறைவது சம்பளத்தில் 4.5 சதவீதமே, படிப்பால் கிடைக்கும் பதவி உயர்வு அதை எளிதில் ஈடுகட்டக்கூடும்.

இவ்வளவு கணக்குக்குப் பிறகும் நான் படிப்பின் பக்கமே சாய்வதற்குக் காரணம், உங்கள் வேலையின் தன்மை. பார்சல் தூக்குவதும் வண்டியிலிருந்து நாள்தோறும் பலமுறை ஏறி இறங்குவதும் முதுகையும் முழங்காலையும் தேய்ப்பவை. ஓய்வூதியச் சூத்திரம் 30 ஆண்டு உழைப்பை எதிர்பார்த்துப் போடப்பட்டது. இந்த வேலையை 50 வயதுக்கு மேலும் அதே வேகத்தில் செய்ய முடியும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. மேற்பார்வை, வழித்தடத் திட்டமிடல், கணக்கு போன்ற பிரிவுகளுக்கு மாற வழிசெய்யும் படிப்பு, உங்கள் பணிக்காலத்தை நீட்டி ஓய்வூதியத்தையும் காப்பாற்றும். எதற்கும் வழிகாட்டாத பட்டம் என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

கையெழுத்திடும் முன், கல்வி உதவியின் விதிமுறைகளையும் படித்துப் பாருங்கள். நீங்கள் கட்டிவிட்டு, தேர்ச்சி பெற்ற பின் திரும்பப் பெறும் முறையா என்பதைப் பொறுத்தே கையில் எவ்வளவு ரொக்கம் தேவை என்பது தெரியும். பாதி நேர ஊழியருக்கும் அதே உச்சவரம்பு உண்டா என்று கேளுங்கள். படிப்பு முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குள் விலகினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. அந்தக் காலம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போனால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் பேரம் பேசுவேன்.