சீன எழுத்தில் எந்தக் கோடு முதலில்? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எழுதி முடித்த பிறகு எழுத்து ஒரே மாதிரிதானே இருக்கிறது? எந்தக் கோட்டை முதலில் போட்டேன் என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

பதில்: கட்டம் போட்ட தாளில் நிதானமாக எழுதும்வரை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கை வேகம் பிடித்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். சீனர்கள் அன்றாடம் எழுதுவது பெரும்பாலும் ஷிங்ஷூ சாயலில், அதாவது கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும் எழுத்தில்தான். ஒரு கோடு முடிந்த இடத்திலிருந்து அடுத்தது தொடங்கும் இடத்துக்குப் பேனா மெல்லிய இழை ஒன்றை இழுத்துக்கொண்டே போகும். வரிசை தவறினால் அந்த இழை வேறெங்கோ போய் நிற்கும், படிப்பவர் திணறுவார். போனில் கோடுகளை வைத்துத் தட்டச்சு செய்யும் முறையும் உண்டு. கிடை, நெடு, இடச்சரிவு, புள்ளி, மடிப்பு என்று ஐந்தே பொத்தான்கள். வலச்சரிவைப் புள்ளிக் கணக்கிலும், மேல்நோக்கிய சிறு கீற்றைக் கிடைக்கோட்டுக் கணக்கிலும் சேர்த்துவிடுவார்கள். வரிசை மாற்றித் தட்டினால் நீங்கள் தேடிய எழுத்து வராது.

கேள்வி: மொத்தம் எத்தனை விதிகள்? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பதில்: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். பாதி வேலை இதிலேயே முடிந்தது. குறுக்கே வெட்டினால் கிடைக்கோடு முதலில்: பத்தைக் குறிக்கும் ‘ஷி’ கூட்டல் குறி மாதிரி இருக்கும், படுக்கைக் கோட்டைப் போட்டுவிட்டு நிமிர்ந்ததை இழுங்கள். மனிதனைக் குறிக்கும் ‘ரென்’னில் இடப்பக்கச் சரிவு முதலில். அப்புறம் பெட்டி. ‘ஆள் உள்ளே போன பிறகுதான் கதவை மூடணும்’ என்று சீன ஆசிரியர்கள் சொல்லித் தருவார்கள். நாடு என்று பொருள்படும் ‘குவோ’வை எடுத்துக்கொள்ளுங்கள், மொத்தம் எட்டுக் கோடு. இடச்சுவர் ஒன்று, கூரையும் வலச்சுவரும் மடிந்து ஒரே கோடாக ஒன்று, உள்ளே ஐந்து, கடைசியில் அடிக்கோடு. இந்த மடிப்பில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். வாயைக் குறிக்கும் ‘கோவ்’ பார்வைக்கு நாலு பக்கச் சதுரம், ஆனால் மூன்றே கோடு.

விதிவிலக்குகள் இருக்கத்தான் செய்கின்றன. சிறியது என்ற ‘ஷியாவ்’வில் நடுக்கோடு முதலில், பிறகு இரு பக்கமும். நெருப்பு ‘ஹுவோ’வில் நேர்மாறு: பக்கத்துப் பொறிகள் இரண்டும் முதலில், நடுவில் இருப்பது பிறகு. இதற்கெல்லாம் காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாமல் எழுதிப் பழகிவிடுவது மேல்.

கேள்வி: நான் ஜப்பானிய மொழியில் வழங்கும் சீன எழுத்துகளான ‘காஞ்சி’யும் படிக்கிறேன். இரண்டிலும் வரிசை ஒன்றுதானா?

பதில்: பெரும்பாலும் ஒன்று, சில இடங்களில் இல்லை. அரசன் என்ற எழுத்தில் மூன்று கிடைக்கோடு, ஒரு நெடுங்கோடு. சீனாவில் இரண்டு கிடை போட்டு, நெடுக்கை இறக்கி, அடிக்கோட்டால் முடிப்பார்கள். ஜப்பானில் முதல் கிடைக்கு அடுத்தே நெடுக்கு வந்துவிடும். வலது என்ற எழுத்தைச் சீனாவில் கிடைக்கோட்டில் தொடங்குவார்கள், ஜப்பானில் சரிவில். யாரும் யாருக்கும் தப்பில்லை. சீன அரசு 1997-ல் 7,000 எழுத்துகளுக்கு வரிசையை நிர்ணயித்தது. 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய தரம் 8,105 எழுத்துகளுக்கானது. தேர்வு எந்த மொழிக்கோ அந்த வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் மலேசியாவில் ஈப்போவில் இருக்கிறோம். மகள் சீனத் தொடக்கப்பள்ளியில் முதலாம் ஆண்டு. எழுத்து அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வரிசை தப்பு என்று ஆசிரியர் திருத்தி அனுப்புகிறார். எனக்கோ சீனம் தெரியாது.

பதில்: அவள் எழுத்தைப் படம் பார்த்து வரைகிறாள் என்று நினைக்கிறேன் அம்மா. தாளை ஓரமாக வைத்துவிட்டு, காற்றில் விரலால் எழுதியபடியே கோட்டின் பெயரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மரம் என்ற ‘மூ’வில் தொடங்கலாம்: ஹெங் (கிடை), ஷூ (நெடு), பியே (இடச்சரிவு), நா (வலச்சரிவு). நாலே கோடு, நாலுக்கும் நாலு பெயர். உங்களுக்குச் சீனம் தெரிய வேண்டியதில்லை, அவள் சொல்வதைப் பாடநூலில் இருக்கும் வரிசைப் படத்தோடு ஒப்பிட்டால் போதும்.

கேள்வி: நான் இடதுகைக்காரன். வரிசையை மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. தாளைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் காயும் மை உள்ள பேனாவாகப் பாருங்கள். வரிசை அப்படியே இருக்கட்டும்.